ஏறும்போது ஆர்பிஎம் குறைகிறது: கார்புரேட்டரைக் கழற்றும் முன்

ஒரு விமான உரிமையாளர் அனுப்பிய கேள்வி சுருக்கமாக இது. செஸ்னா 172என், லைக்கோமிங் ஓ-320 இன்ஜின், பிட்ச் (இறக்கைகளின் சாய்வு) மாறாத ப்ரொப்பெல்லர். முன்பு த்ராட்டிலை முழுவதும் தள்ளி 73 நாட் (மணிக்கு 73 கடல் மைல்) வேகத்தில் ஏறினால், இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று (ஆர்பிஎம்) சுற்றுகிறது என்று சொல்லும் டாக்கோமீட்டர் 2400 காட்டும். இப்போது சில மாதங்களாக 2250ஐத் தாண்டுவதில்லை. மேக்னெட்டோ (பிளக்குகளுக்குப் பொறி தரும் கருவி) சோதனை சரி. நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது. பிளக்குகள் புதியவை. "கார்புரேட்டரை ஓவர்ஹாலுக்கு அனுப்பிவிடலாமா?" என்று கேட்கிறார்.

இப்போதைக்கு வேண்டாம். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது, அதை அவர் சொல்லவே இல்லை: விமானம் ஏறும் வேகம் குறைந்திருக்கிறதா?

ஏன் கேட்கிறேன் என்றால், 150 சுற்று சின்ன எண்ணாகத் தோன்றும், ஆனால் அது சின்ன விஷயம் இல்லை. பிட்ச் மாறாத ப்ரொப்பெல்லரைச் சுற்றத் தேவைப்படும் திறன், சுற்று எண்ணின் முப்படியை ஒட்டி ஏறி இறங்கும். 2250ஐ 2400ஆல் வகுத்தால் 0.9375. அதை மூன்று தடவை பெருக்கினால் 0.82. டாக்கோமீட்டர் சொல்வது உண்மையானால், இன்ஜின் தன் திறனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத் தொலைத்துவிட்டது என்று அர்த்தம். இந்த இன்ஜினின் 160 குதிரைத்திறன் 2700 சுற்றில்தான் கிடைக்கும். ஏறும்போது 2400ல் கிடைப்பது 140ஐ ஒட்டித்தான், அது குறைபாடு அல்ல. அந்த 140ல் 25 போய்விட்டது என்று வையுங்கள். மேலேறுவதற்குப் பயன்படுவது, விமானத்தை மட்டமாகப் பறக்கவிட்ட பிறகு மிச்சமிருக்கும் திறன் மட்டும். அதனால் இழப்பு முழுக்க அந்த மிச்சத்தின் மேல் விழும். கடல்மட்டத்தில் முழு எடையோடு நிமிடத்துக்கு 770 அடி ஏற வேண்டிய விமானம் 500ஐ ஒட்டித்தான் ஏறும். அதை எந்த பைலட்டும் உணராமல் இருக்க முடியாது.

ஆக, ஏறும் வேகம் உங்களுக்குக் கிடைத்த இரண்டாவது சாட்சி. அதைச் சரியாக விசாரியுங்கள். ஏற்ற வேகமானியின் முள்ளை நம்ப வேண்டாம், காற்றின் ஏற்ற இறக்கத்தில் அது ஆடும். அதிகாலையில் காற்று அமைதியாக இருக்கும்போது, உயரமானியை 1013 ஹெக்டோபாஸ்கல் அழுத்தத்தில் வைத்து, 1000 அடியிலிருந்து 2000 அடி வரை எத்தனை விநாடி என்று ஸ்டாப்வாட்சில் எடுங்கள். எடை, வெப்பநிலை இரண்டையும் குறித்துக்கொண்டு விமானக் கையேட்டின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். ஏற்றம் அட்டவணைக்கு அருகில் இருந்து ஆர்பிஎம் மட்டும் 150 குறைவாகக் காட்டினால், இன்ஜினைத் தொடாதீர்கள். பொய் சொல்வது மீட்டர்.

பழைய டாக்கோமீட்டர்கள் அப்படித்தான். இன்ஜினிலிருந்து வரும் கேபிள் ஒரு காந்தத்தைச் சுற்றும், காந்தம் ஒரு சின்ன அலுமினியக் கிண்ணத்தை இழுக்கும், மெல்லிய ஸ்பிரிங் அதைத் தடுக்கும். முள் நிற்கும் இடம் இந்த இழுபறியின் முடிவு. வருடக்கணக்கில் காந்தம் தளர்ந்தால் முள் குறைத்துக் காட்டத் தொடங்கும். ஒரு விமானத்துக்கு இரண்டு மேக்னெட்டோவும் கார்புரேட்டரும் மாற்றிய பிறகு, கடைசியில் யாரோ கையடக்க ஆப்டிகல் டாக்கோமீட்டரை எடுத்துவந்து, மீட்டர் 130 சுற்று குறைத்துக் காட்டுகிறது என்று கண்டுபிடித்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். உரிமையாளரின் முகத்தை இப்போதும் மறக்க முடியவில்லை.

ஆப்டிகல் மீட்டரை ப்ரொப்பெல்லருக்கு இரண்டு இறக்கை என்று அமைத்துவிட்டு, காக்பிட்டுக்குள் உட்கார்ந்தபடியே கண்ணாடி வழியாகச் சுழலும் ப்ரொப்பெல்லரை நோக்கிப் பிடித்தால் போதும். பின்னணியில் வானம் இருக்கட்டும், விளக்கு வேண்டாம். அந்தக் கருவி இல்லையென்றால் ஒரு பழைய தந்திரம் உண்டு. பொழுது சாய்ந்த பிறகு, மின்சாரத்தில் எரியும் பழைய சோக் வைத்த டியூப் லைட் அல்லது சோடியம் விளக்குக்கு எதிரே விமானத்தை நிறுத்துங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அந்த விளக்கு விநாடிக்கு 100 தடவை மினுங்கும். இரண்டு இறக்கை ப்ரொப்பெல்லர் சரியாக 1500ல் சுற்றும்போது நான்கு இறக்கை அசையாமல் நிற்பது போலத் தெரியும். 2000ல் ஆறு இறக்கை. 60 ஹெர்ட்ஸ் உள்ள நாட்டில் அதே காட்சிகள் 1800லும் 2400லும் வரும். உருவம் அசையாமல் நிற்கும் கணத்தில் மீட்டர் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். புது எல்இடி விளக்குகள் பல மினுங்குவதில்லை, அவற்றில் இது வேலைக்கு ஆகாது.

மீட்டர்தான் பொய் என்று தெரிந்தால் நிம்மதிப் பெருமூச்சு விட்டு மறந்துவிட முடியாது. சமதளப் பறப்பில் 2600 என்று நினைத்து ஓட்டியபோதெல்லாம் இன்ஜின் உண்மையில் 2750ல், அதாவது 2700 என்ற உச்ச வரம்பைக் காட்டும் சிவப்புக் கோட்டைத் தாண்டி ஓடியிருக்கும்.

சரி, மீட்டர் உண்மை சொல்கிறது, ஏற்றமும் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் தரையில் நின்றபடி முழு த்ராட்டில். கெட்டியான, கல் இல்லாத தரை, சக்கரங்களுக்குக் கட்டை, இன்ஜின் நன்றாகச் சூடாகியிருக்க வேண்டும், பின்னால் ஆளோ விமானமோ இருக்கக் கூடாது. 172என்னுக்குக் கையேடு சொல்வது 2280 முதல் 2400 வரை. எதிர்க்காற்று இருந்தால் சுற்று கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், ஆகவே காற்றில்லாத வேளை நல்லது. இந்த எண் கணக்கை இரண்டாகப் பிரித்துவிடும். தரையில் சரியாக இருந்து ஏறும்போது மட்டும் குறைந்தால் வேகம், மிக்ஸ்சர் (பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை), கார்புரேட்டரில் கட்டும் பனி, எரிபொருள் வரத்து, சூடு என்று தேட வேண்டும். தரையிலேயே 2280க்குக் கீழே என்றால் ப்ரொப்பெல்லர், த்ராட்டில், காற்றுப் பாதை, சைலன்சர், இன்ஜினின் உள்ளே என்று தேட வேண்டும். அந்த நிலையில் புறப்படவும் கூடாது.

முதல் வகையில் பலர் கவனிக்காமல் விடுவது பறக்கும் வேகம். பிட்ச் மாறாத ப்ரொப்பெல்லருக்கு முன்னோக்கிய வேகம் குறையக் குறைய இறக்கை காற்றை அதிகக் கோணத்தில் கடிக்கும், சுமை கூடும், சுற்று குறையும். 73ல் ஏற வேண்டியவர் 60ல் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறினால் சில பத்து சுற்றுகள் தானாகவே காணாமல் போகும். வேகமானி தவறாகக் காட்டினாலும் இதே கதைதான்.

ப்ரொப்பெல்லரையே ஒருமுறை பாருங்கள். நடுவில் உள்ள கூம்பு மூடியான ஸ்பின்னரைக் கழற்றினால் பதித்த எழுத்துகள் தெரியும். 172என்னுக்கு உரியது மெக்காலி 1சி160/டிடிஎம்7557. கடைசி நான்கு எண்ணில் முதல் இரண்டு விட்டம், 75 அங்குலம். அடுத்த இரண்டு பிட்ச், 57 அங்குலம், அதாவது கணக்குப்படி ஒரு சுற்றில் முன்னேறும் தூரம். யாராவது வேகமாகப் பறக்க ஆசைப்பட்டுக் கூடுதல் பிட்ச் உள்ளதை மாட்டியிருந்தால் ஏறும்போது ஆர்பிஎம் குறைவது இயல்பு. சமதளத்தில் கிடைக்கும் லாபத்துக்கு ஏறும்போது கட்டும் விலை அது. உங்கள் ப்ரொப்பெல்லர் அந்தச் "சில மாதங்களுக்கு" முன்பு பழுதுபார்க்கப் போய்வந்ததா என்று பதிவேட்டைப் புரட்டுங்கள். நிமிர்த்தும்போது பிட்ச் லேசாகக் கூடித் திரும்பியிருந்தால், பதித்த எண் பழையதைத்தான் சொல்லும், ப்ரொப்பெல்லர் வேறு ஒன்றாக இருக்கும்.

அடுத்தது இன்ஜின் மூடியான கௌலிங்கைத் திறந்து பார்க்கும் வேலை, ஐந்து நிமிடம்தான். ஒருவர் காக்பிட்டில் த்ராட்டில் குமிழை முழுவதும் தள்ளட்டும், இன்னொருவர் கார்புரேட்டரில் அதன் கை (சிறு நெம்புகோல்) ஸ்டாப்பில், அதாவது அதற்கு மேல் நகராமல் தடுக்கும் முனையில், முட்டுகிறதா என்று பார்க்கட்டும். குமிழ் பேனலில் முட்டுவதற்கு முன்பே கை ஸ்டாப்பில் முட்டியிருக்க வேண்டும். குமிழ் முழுவதும் போய்விட்டது, ஆனால் கைக்கும் ஸ்டாப்புக்கும் இடையே ஒரு விரல் நுழைகிறது என்றால், உங்களுக்கு முழு த்ராட்டில் கிடைக்கவே இல்லை. கேபிளின் கவ்வி நழுவியிருந்தாலும், யாரோ வேலை செய்துவிட்டு அளவு மாற்றிக் கட்டியிருந்தாலும் இப்படி ஆகும். இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க ஒரு காசு செலவில்லை, ஆனாலும் பலர் இதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள். அதேபோல மிக்ஸ்சர் கையும் முழு ரிச் (பெட்ரோல் மிகுந்த கலவை) ஸ்டாப்பில் முட்ட வேண்டும்.

இனி காற்று. கார்ப் ஹீட் குமிழ் பனியை நீக்குவதற்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், அது கையிலேயே இருக்கும் ஒரு சோதனைக் கருவி. அதை இழுத்தால் இன்ஜின் வடிகட்டியை விட்டுவிட்டு, எக்ஸாஸ்டைச் சுற்றி வரும் சூடான காற்றை உறிஞ்சும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது, அதனால் நல்ல இன்ஜினில் சுற்று 75 முதல் 150 வரை குறைய வேண்டும். இழுத்தும் ஒன்றுமே குறையவில்லை என்றால், சூடான காற்றின் கதவு அசையவே இல்லாமல் இருக்கலாம், அல்லது முன்பே திறந்து கிடந்து நீங்கள் எப்போதும் சூடான காற்றில் பறந்துகொண்டிருக்கலாம். அந்தக் கதவின் கீல் தேய்ந்தோ, கேபிள் நழுவியோ பாதி திறந்தபடி நிற்பது சகஜம். இழுத்ததும் சுற்று கூடினால் இரண்டு சந்தேகம்: வடிகட்டி அடைத்திருக்கலாம், அல்லது கலவை மெலிந்து போயிருக்கலாம். சூடான காற்று கலவையைத் தடிக்க வைக்கும், மெலிந்த கலவைக்கு அது மருந்து போல வேலை செய்யும்.

இழுத்ததும் முதலில் குறைந்து, கொஞ்சம் தடுமாறி, பிறகு முன்பிருந்ததைவிட மேலே போனால் அது பனி. குளிர் இல்லாத நாளில் பனி எங்கிருந்து வரும் என்று கேட்காதீர்கள். பெட்ரோல் ஆவியாவதும் காற்று குறுகலில் விரிவதும் சேர்ந்து கார்புரேட்டர் தொண்டையில் வெப்பநிலையை 35 டிகிரி வரை இறக்கிவிடும். ஈரப்பதம் இருந்தால் 38 டிகிரி வெயிலிலும் பனி கட்டக்கூடும். முழு த்ராட்டிலில் வாய்ப்பு குறைவு, இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பனி வந்து போகும், மாதக்கணக்கில் ஒரே அளவில் நிற்காது. உங்கள் வழக்கில் குற்றவாளி அதுவாக இருக்காது என்றே நினைக்கிறேன்.

மிக்ஸ்சரைப் பற்றி இரண்டே வார்த்தை. 3000 அடிக்கு மேல் ஏறும்போதும் முழு ரிச்சிலேயே விட்டால் சுற்று குறையும், அங்கே உச்ச ஆர்பிஎம் வரும்வரை இழுப்பதைக் கையேடே சொல்கிறது. ஸ்டார்ட் செய்யும் முன் சிலிண்டருக்குள் பெட்ரோல் தள்ளும் கைப் பம்பான பிரைமரின் குமிழ் சரியாகப் பூட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். பூட்டாத பிரைமர் வழியாக இன்ஜின் தானாகவே பெட்ரோலை உறிஞ்சிக்கொள்ளும், ஒன்றிரண்டு பிளக்கில் மட்டும் கரி அப்பியிருக்கும்.

இப்போது, எனக்கு அதிகம் சந்தேகம் உள்ள இரண்டு இடங்கள். இரண்டுமே மேக்னெட்டோ சோதனையிலும் கம்ப்ரஷன் சோதனையிலும் பிடிபடாதவை.

ஒன்று சைலன்சர். அதன் உள்ளே ஓட்டை போட்ட தகடுகளும் குழாய்களும் இருக்கும். வருடக்கணக்கில் சூடாகி ஆறி அவை உடையும். உடைந்த துண்டு வெளியேறும் வாயில் போய் உட்கார்ந்தால், இன்ஜின் மூச்சை வெளியே விட முடியாமல் திணறும். குறைந்த சுற்றில் எந்த வித்தியாசமும் தெரியாது, ஏனென்றால் வெளியேறும் புகை கொஞ்சம்தான். 1700ல் மேக்னெட்டோ சோதனை அழகாக முடியும். முழு த்ராட்டில் கொடுக்கும்போதுதான் கழுத்தைப் பிடித்தது போல ஆகும். சில நேரம் துண்டு உள்ளே புரண்டு படுக்கும். அப்போது ஒரு நாள் சரியாக ஏறும், மறுநாள் ஏறாது, மெக்கானிக்குக்குத் தலைசுற்றும். வால்குழாய் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். முடிந்தால் சின்ன கேமராவை உள்ளே விடுங்கள். ஆறிய பிறகு சைலன்சரை ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் வரும், அதுவே போதும். இதைத் தள்ளிப்போடாதீர்கள். கேபின் ஹீட்டருக்கான சூடு இதே சைலன்சரைச் சுற்றித்தான் வருகிறது, உள்ளே தகடு உடைந்த இடத்தில் வெளிச்சுவரும் விரிசல் விட்டிருந்தால் கார்பன் மோனாக்சைடு நேராக உங்கள் காலடிக்கு வரும்.

இரண்டாவது கேம் ஷாஃப்ட், வால்வுகளைத் திறக்க வைக்கும் தண்டு. "கம்ப்ரஷன் நன்றாக இருக்கிறது" என்ற வரியைப் படித்ததுமே இதுதான் நினைவுக்கு வந்தது. கம்ப்ரஷன் சோதனையில் 80 பவுண்டு அழுத்தக் காற்றை உள்ளே விட்டு எவ்வளவு கசிகிறது என்று பார்க்கிறோம். அப்போது இரண்டு வால்வும் மூடியிருக்கும். ஆகவே அது சொல்வது ஒன்றைத்தான்: வால்வுகள் ஒழுங்காக மூடுகின்றன, ரிங்குகள் பிடிக்கின்றன. வால்வு எவ்வளவு திறக்கிறது என்று அது சொல்லாது. லைக்கோமிங் இன்ஜினில் கேம் ஷாஃப்ட் மேலே இருக்கிறது. விமானம் வாரக்கணக்கில் பறக்காமல் நின்றால் எண்ணெய் வடிந்துபோய் கேம் மேல் துரு பிடிக்கும், பிறகு கேம் தள்ளும் டாப்பெட் தேயும், கேமின் மூக்கு (தள்ளும் மேடு) மழுங்கும். வால்வு பாதிதான் திறக்கும், சிலிண்டருக்குள் பாதிக் காற்றுதான் போகும். இன்டேக் (கலவை உள்ளே போகும் வால்வுக்கான) கேம்கள் எதிரெதிர் சிலிண்டர்கள் இரண்டுக்கும் பொதுவானவை என்பதால் ஒரு மூக்கு தேய்ந்தால் இரண்டு சிலிண்டர் பட்டினி கிடக்கும். அதிர்வுகூட அதிகம் தெரியாது, சத்தமில்லாமல் திறன் மட்டும் கரையும். உங்கள் விமானத்தில் உள்ள ஓ-320-ஹெச்2ஏடி வகைக்கு இந்தத் தேய்மானத்தில் பெயர் கெட்ட வரலாறும் உண்டு.

சோதிப்பது கஷ்டமில்லை. வால்வை அழுத்தும் ராக்கர்களின் மூடிகள் எல்லாவற்றையும் கழற்றி, கீழ் பிளக்குகளை எடுத்துவிட்டு, டயல் கேஜை ராக்கரின் வால்வுப் பக்கம் வைத்து, ப்ரொப்பெல்லரைக் கையால் மெதுவாகச் சுற்றி ஒவ்வொரு வால்வும் எவ்வளவு இறங்குகிறது என்று எழுதுங்கள். மேக்னெட்டோக்கள் ஆஃப், மிக்ஸ்சர் கட், அப்போதும் ப்ரொப்பெல்லரை உயிருள்ளதாகவே நினைத்து நில்லுங்கள். ஒரே இன்ஜினின் நான்கு இன்டேக்கும் தங்களுக்குள் ஒத்துப்போக வேண்டும், ஒன்றிரண்டு மட்டும் குட்டையாக இருந்தால் கதை முடிந்தது. எண்ணெய் ஃபில்டரை வெட்டி, அதன் மடிப்புகளைக் காந்தத்தால் தடவியும் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் வெள்ளித் தூள் இருந்தால் அது எஃகு, பெரும்பாலும் கேமிலிருந்தோ டாப்பெட்டிலிருந்தோ வந்தது.

மேக்னெட்டோவை முழுவதும் விடுவித்துவிட முடியாது. 1700 சுற்றில் ஒவ்வொரு மேக்னெட்டோவாக அணைத்துப் பார்க்கும்போது 125 சுற்றுக்குள் இறக்கம், இரண்டுக்கும் வித்தியாசம் 50க்குள் என்றால் பொறி விழுகிறது என்று தெரியும், சரியான நேரத்தில் விழுகிறதா என்று தெரியாது. பிஸ்டன் உச்சிக்கு வர 25 டிகிரி இருக்கும்போது விட வேண்டிய பொறியை இரண்டும் சேர்ந்து பிந்தி விட்டால் இறக்கம் ஒரே மாதிரி, அழகாக, தவறாக இருக்கும். பிளக் புதிது என்றீர்கள், மேக்னெட்டோவையும் அப்போதே கழற்றி மாட்டினார்களா? டைமிங் கருவியை வைத்து ஒருமுறை பார்ப்பது அரை மணி நேர வேலை. இன்னொன்று, முழு த்ராட்டிலில் சிலிண்டர் அழுத்தம் அதிகம், பொறி தாவ அதிக மின்னழுத்தம் வேண்டும். கசியும் ஹார்னஸ் (பிளக்குகளுக்குப் போகும் ஒயர்கள்) 1700ல் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டு 2300ல் தன் குணத்தைக் காட்டும்.

இன்டேக் குழாயில் காற்றுக் கசிவு என்று யாராவது சொன்னால் வரிசையில் கீழே வையுங்கள். முழு த்ராட்டிலில் குழாய்க்கு உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் கிட்டத்தட்ட ஒன்றுதான், உறிஞ்ச அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. அந்தக் கோளாறு ஐடிலில்தான் தெரியும்.

பிட்ச் மாறும் ப்ரொப்பெல்லர் உள்ளவர்களுக்கு மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. அங்கே சுற்றைப் பிடித்து வைப்பது கவர்னர். இன்ஜின் பலவீனமானாலும் அது பிட்சைக் குறைத்து ஆர்பிஎம்மைக் காப்பாற்றிவிடும். ஏறும்போது சிவப்புக் கோட்டுக்கு 50 சுற்று கீழே நின்றால் கவர்னரின் உச்ச ஸ்டாப் திருகையோ கேபிளையோ முதலில் பாருங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு கார்புரேட்டருக்கு வரலாம். அதைக் குற்றம் சாட்ட ஆதாரம் வேண்டும். தரையில் முழு த்ராட்டிலில் சில விநாடி மட்டும் மிக்ஸ்சரை மெல்ல இழுங்கள். சுற்று நன்றாக எகிறினால் கலவை அளவுக்கு மீறித் தடித்திருக்கிறது: காரணம் பிரைமர், அது இல்லையென்றால் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையான ஃப்ளோட். துளியும் ஏறாமல் உடனே விழுந்து, கார்ப் ஹீட் இழுத்தால் மட்டும் கூடினால் மெலிந்திருக்கிறது. அப்போதும் முதலில் கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி, ஒரு பாத்திரத்தில் பெட்ரோல் நிமிடத்துக்கு எவ்வளவு விழுகிறது என்று அளந்து பாருங்கள். தொட்டியின் காற்றோட்டக் குழாயில் பூச்சி கூடு கட்டியிருந்தாலும் இதே அறிகுறிதான் வரும். அங்கே வரத்து சரியாக இருந்தால், கார்புரேட்டரைக் கழற்றி அனுப்புங்கள்.